டெஸ்ட்டுக்குப் போகாத மனிதர்

முதல் காட்சி ஒரு டாக்டரின் அறை. நியூயார்க்கில் கார் விற்றுப் பணமும் பேரும் சேர்த்த பென் கால்மென், வருடாவருடம் செய்துகொள்ளும் உடல் பரிசோதனைக்கு வந்திருக்கிறார். வழக்கம்போல ஜோக் அடித்துக்கொண்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் வாயால் கேட்டுவிட்டுக் கிளம்பும் அவசரத்தில் இருக்கிறார். டாக்டர், "ஈசிஜி எனக்கு அவ்வளவு திருப்தியாக இல்லை, இன்னும் சில டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாம்" என்ற பொருளில் ஏதோ சொல்கிறார். பென் முகத்தில் அந்தச் சிரிப்பு நின்றுபோகிறது. படம் அங்கிருந்து ஆறரை வருடம் தாண்டிக் குதிக்கிறது. மறுபடி அவரைப் பார்க்கும்போது கடை இல்லை, மனைவி பக்கத்தில் இல்லை, கையில் காசும் இல்லை. வாடகை கட்ட மகளிடம் கடன் கேட்டு நிற்கிறார்.

'சாலிட்டரி மேன்' என்ற இந்தப் படம் 2009-இல் டொரோண்டோ திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, 2010 மே மாதம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. பிரையன் கோப்பல்மன், டேவிட் லெவியன் இருவரும் சேர்ந்து இயக்கினார்கள்; எழுதியது கோப்பல்மன். சீட்டாட்டத்தைப் பற்றிய 'ரவுண்டர்ஸ்' இவர்கள் எழுதியதுதான். பின்னாளில் 'பில்லியன்ஸ்' தொடரை உருவாக்கியதிலும் இவர்கள் உண்டு. பணத்தைத் துரத்துகிற ஆண்களின் மனசு எப்படி வேலை செய்யும் என்பது இவர்களுக்கு அத்துபடி. ஒன்றரை மணி நேரப் படம். மைக்கேல் டக்ளஸ் இல்லாத காட்சி என்று ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வந்த வேகத்தில் போய்விட்ட படம் என்பதால் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். கதையை முடிவுவரை சொல்லித்தான் எழுதப்போகிறேன். தெரியாமல் பார்க்க நினைப்பவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

பணக்காரர் ஒருவர் சரிந்து விழுகிற கதை என்றால், பேராசையைக் காரணம் காட்டுவது சுலபம். நிறையச் சம்பாதித்தார், இன்னும் வேண்டும் என்று ஆசைப்பட்டார், மாட்டிக்கொண்டார் என்று முடித்துவிடலாம். இந்தப் படம் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் அது வேறு இடத்தில் விரல் வைக்கிறது. பென் அந்த டெஸ்ட்டுக்குப் போகவே இல்லை. என்ன என்று தெரிந்துகொள்ள மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் செய்த பொய்க்கணக்கு, பெண்கள், சண்டை, குடி எல்லாமே அந்த ஒரு மறுப்பைக் காப்பாற்றிக்கொள்வதற்காகச் செய்தவை என்றுதான் நான் படத்தைப் புரிந்துகொள்கிறேன்.

ஈசிஜியில் ஒரு மாறுதல் தெரிந்தால் அது இதய நோய் என்று அர்த்தமில்லை. எக்கோ எடுப்பார்கள், டிரெட்மில்லில் ஓடவிடுவார்கள், தேவைப்பட்டால் ஆஞ்சியோ. எத்தனையோ பேருக்கு ஒன்றுமில்லை என்று வந்துவிடும். இருந்தாலும் மாத்திரை, ஸ்டென்ட், பைபாஸ் என்று வழிகள் இருக்கின்றன. பென் அளவுக்கு வசதி உள்ளவருக்கு நியூயார்க்கில் நல்ல டாக்டர் கிடைப்பது ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் டெஸ்ட் எடுத்தால் பதில் வந்துவிடும். எடுக்காதவரை, தான் இன்னும் அந்தப் பழைய பென்தான் என்று நினைத்துக்கொள்ளலாம்.

அவர் செய்த தொழிலைக் கொஞ்சம் பார்த்தால் இது இன்னும் நன்றாக விளங்கும். அமெரிக்காவில் புதுக் கார் டீலர் என்பவர் வெறும் கடைக்காரர் இல்லை. பெரும்பாலான மாநிலங்களில் பெரிய கார் கம்பெனிகள் வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்க முடியாதபடி சட்டம் இருக்கிறது. டீலர் வழியாகத்தான் கார் வெளியே போகும். அதனால் டீலர் உள்ளூரில் பெரிய மனிதர். டிவி விளம்பரத்தில் அவரே வந்து நிற்பார், பள்ளிக்கூட விளையாட்டு அணிக்கு அவர் பேரில் சட்டை இருக்கும், கல்லூரிக்கு நன்கொடை கொடுப்பார். பென் தன்னை 'நியூயார்க்கின் நேர்மையான கார் வியாபாரி' என்று விளம்பரம் செய்துகொண்டவர். அவர் படித்த கல்லூரியில் நூலகத்துக்கே அவர் பேர்தான்.

ஆனால் ஷோரூமில் வரிசையாக நிற்கும் கார்கள் டீலருடைய சொந்தப் பணத்தில் வாங்கியவை அல்ல. வங்கியோ கார் கம்பெனியின் நிதி நிறுவனமோ ஒவ்வொரு வண்டிக்கும் கடன் கொடுத்திருக்கும். வண்டி விற்றதும் சில நாட்களுக்குள் அந்தக் கடனை அடைத்துவிட வேண்டும். விற்ற பணத்தை அடைக்காமல் வேறு எதற்கோ திருப்பிவிட்டால், கணக்கில் வண்டி நிற்கும், யார்டில் நிற்காது. அங்கேதான் மோசடி ஆரம்பிக்கும். இந்தத் தொழிலில் முக்கால்வாசி டீலர்கள் விழுந்தது இந்தக் குழியில்தான் என்று சொல்லமாட்டேன், ஆனால் விழுந்தவர்கள் நிறையப் பேர். பென் என்ன தில்லுமுல்லு செய்தார் என்று படம் பாடம் நடத்துவதில்லை. கணக்கில் பொய் சொன்னார், பிடிபட்டார், வக்கீலுக்கும் செட்டில்மென்ட்டுக்கும் சொத்து போனது, ஜெயிலுக்குப் போகாமல் தப்பித்தார் என்ற அளவில் போகிறபோக்கில் தெரிகிறது. பேர் போய்விட்டது. டீலருக்குப் பேர் போனால் கார் கம்பெனி மறுபடி டீலர்ஷிப் கொடுக்க யோசிக்கும். எவ்வளவு திறமை இருந்தாலும் கம்பெனி சம்மதிக்காமல் ஒரு ஷோரூமும் திறக்க முடியாது.

படம் டொரோண்டோவில் காட்டப்பட்ட 2009, அமெரிக்கக் கார் டீலர்களுக்கு மோசமான வருடம். ஏப்ரல் 30 அன்று கிரைஸ்லர் திவால் மனு கொடுத்தது, ஜூன் 1 அன்று ஜெனரல் மோட்டார்ஸ். கிரைஸ்லர் ஒரே அடியில் 789 டீலர்களின் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. இரண்டு மூன்று தலைமுறையாக நேர்மையாகக் கடை நடத்தியவர்கள்கூட அதில் போனார்கள். அந்த நேரத்தில் பார்த்தவர்களுக்கு பென் இன்னும் எரிச்சலூட்டியிருப்பார். அந்த டீலர்கள் தங்கள் கையில் இல்லாத காரணத்தால் இழந்ததை, இந்த மனிதர் தன் கையாலேயே உடைத்துப் போட்டிருக்கிறார்.

எனக்கு இந்த உலகம் கொஞ்சம் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், டீலர்களுக்கு ஸ்டாக் மேல் கடன் கொடுக்கிற ஒரு நிதி நிறுவனத்தில் இருந்தேன். மாதாமாதம் ஸ்டாக் ஆடிட். பிரிண்ட் எடுத்த லிஸ்ட்டோடு வெயிலில் யார்டுக்குப் போய், ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து சேஸிஸ் நம்பரைப் பார்த்து டிக் போட வேண்டும். சாவியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லிஸ்ட்டில் இருந்து யார்டில் இல்லாத வண்டிக்கு எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும். டெமோவுக்குப் போயிருக்கிறது, ஆர்டிஓ ஆபீஸுக்குப் போயிருக்கிறது, கிளையில் டிஸ்ப்ளேவில் நிற்கிறது.

கொங்குப் பக்கம் ஒரு ஊரில் வயதான டீலர் ஒருவர் இருந்தார். ஊரில் அவருக்கு அப்படி ஒரு மரியாதை. நான் போனதும் டீ வரவழைத்துவிட்டு, "என்னங்க தம்பி, எண்ணிப் பார்த்துத்தான் நம்போணுமா? நான் ஓடியா போயிருவேன்?" என்பார். "அப்படியில்லீங்க ஐயா, ஆபீஸ்ல கேப்பாங்க" என்று நான் இழுப்பேன். ஒருமுறை கையெழுத்துக்காக அவர் மேஜை டிராயரைத் திறந்தபோது உள்ளே பார்த்தேன். நாங்களும் வங்கிகளும் அனுப்பிய கவர்கள், ஒன்றுகூடப் பிரிக்கப்படாமல், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி அடுக்கி வைத்திருந்தார். கடன் எவ்வளவு என்று எங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் அந்தத் தொகையைக் கண்ணால் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். பார்க்காமலேயே புதிதாக ஒரு கிளை திறக்கப் பேசிக்கொண்டிருந்தார். அதன்பிறகு அவருக்கு என்ன ஆனது என்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். பென் கால்மெனைத் திரையில் பார்த்தபோது எனக்கு அந்த டிராயர்தான் ஞாபகம் வந்தது.

பென்னிடம் விற்கும் திறமை கடைசிவரை குறைவதே இல்லை. படத்தின் கெட்டிக்காரத்தனம் இங்கே இருக்கிறது. குடிகாரனாக, கந்தலாக ஒருவரைக் காட்டினால் நாம் பரிதாபப்பட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். இவர் கறுப்புச் சட்டை, கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, நிமிர்ந்த முதுகோடு நியூயார்க் தெருவில் நடந்து வருகிறார். பின்னணியில் ஜானி கேஷின் கரகரத்த குரல். நீல் டைமண்ட் 1966-இல் பாடிய 'சாலிட்டரி மேன்' பாட்டை கேஷ் தன் கடைசிக் காலத்தில் மறுபடி பாடிய வடிவம் அது. நடையைப் பார்த்தால் இந்த ஆள் கையில் காசில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். யாரைப் பார்த்தாலும் முதல் நிமிடத்திலேயே எதிராளிக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடித்துவிடுகிறார். அதை எடுத்து அவர்கள் முன்னால் நீட்டுகிறார். பார் கவுண்டரில் ஒரு பெண், கல்லூரியில் ஒரு பையன், வங்கியில் ஒரு அதிகாரி, யாராக இருந்தாலும் பேச்சு ஒரே மாதிரிதான் போகிறது. கார் விற்பவர்கள் டீலை முடிப்பது என்று சொல்வார்களே, அதுதான். முடித்த பிறகு அவருக்கு அந்த மனிதரிடம் வேலை இல்லை. டெலிவரி கொடுத்தாகிவிட்டது.

இந்தக் குணம் எவ்வளவு தூரம் உள்ளே போய்விட்டது என்பதைக் காட்ட படம் ஒரு சின்னக் காட்சியைத்தான் செலவழிக்கிறது. மகள் சூசன், பேரன் ஸ்காட்டி, பென் மூன்று பேரும் பார்க்கில் இருக்கிறார்கள். பக்கத்தில் பார்க்க லட்சணமாக ஒரு பெண். பென் மகளிடம், வெளியிடத்தில் என்னை அப்பா என்று கூப்பிடாதே என்கிறார். பேரன் தாத்தா என்று கூப்பிடக்கூடாது. கூப்பிட்டால் வயது தெரிந்துவிடுமாம். சூசனாக நடித்த ஜெனா ஃபிஷர் இதற்குப் பெரிதாக அதிர்ச்சி காட்டுவதில்லை. பழகிப்போன சலிப்பும், இன்னும் விடாத பாசமும் சேர்ந்த ஒரு பார்வை மட்டும். அந்தப் பையனுக்கு எதுவும் புரியவில்லை. நான் படத்தில் மிகக் கோபப்பட்ட இடம் இதுதான். பின்னால் பென் செய்கிற பெரிய தப்புகளைவிட, ஒரு சின்னப் பையன் தன் தாத்தாவைத் தாத்தா என்று கூப்பிட அனுமதி கேட்க வேண்டிய நிலை என்னைத் தொந்தரவு செய்தது. அப்பா, தாத்தா என்று கூப்பிடப்படுவதைக்கூட, தன் வயதைச் சொல்லிவிடும் டாக்டர் சீட்டு மாதிரிதான் அவர் பார்க்கிறார்.

கதை நகர்வது ஜோர்டன் வழியாக. மேரி லூயிஸ் பார்க்கர் நடித்திருக்கிறார். பென்னின் இப்போதைய தோழி. அவளுடைய அப்பாவுக்குக் கார் உலகில் செல்வாக்கு உண்டு. அவர் ஒரு வார்த்தை சொன்னால் பென்னுக்கு மறுபடி டீலர்ஷிப் கிடைக்கும். கிட்டத்தட்ட கையெழுத்து ஆகிற கட்டம். அப்போது ஜோர்டனுக்கு உடம்பு சரியில்லாமல் போக, 18 வயதான மகள் ஆலிசனைக் கல்லூரி பார்க்க அழைத்துப்போகும் வேலை பென் தலையில் விழுகிறது. பாஸ்டன் பக்கம், பென் படித்த அதே கல்லூரி. டீனைத் தெரியும், ஒரு வார்த்தை சொல்லலாம். அந்தப் பயணத்தில் பென் எந்த எல்லையைத் தாண்டக்கூடாதோ அதைத் தாண்டுகிறார். இதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. அந்தப் பெண் அதை ஒரு ராத்திரி விஷயமாக அங்கேயே விட்டுவிடுகிறாள். இவர்தான் விடாமல் பின்னால் போகிறார். விஷயம் தாயின் காதுக்குப் போகிறது. ஜோர்டன் போனால் அவள் அப்பாவும் போவார், டீலர்ஷிப்பும் போகும் என்று இவருக்குத் தெரியாதா? தெரியும். வாழ்நாள் முழுக்க வியாபாரக் கணக்குப் போட்ட மனிதர் இவ்வளவு எளிய கணக்கைப் போடாமல் இருக்கமாட்டார்.

இதைத்தான் தன்னைத்தானே அழித்துக்கொள்வது என்கிறோம். ஆனால் பென் உள்ளே இருந்து பார்த்தால் அவருக்கு அது அழிவாகத் தெரிந்திருக்காது. அவருக்கு டீலர்ஷிப் திரும்பக் கிடைத்தால் என்ன நடக்கும்? காலையில் எழுந்து கடைக்குப் போக வேண்டும், ஸ்டாக் எண்ண வேண்டும், அடுத்த பத்து வருடத்துக்குத் திட்டம் போட வேண்டும். பத்து வருடம் என்று யோசித்தாலே அந்த ஈசிஜி எதிரே வந்து நிற்கும். இன்றைக்கு ராத்திரி என்ன என்று மட்டும் யோசிக்கிறவருக்கு அந்தத் தொல்லை இல்லை. எல்லாம் கைகூடி வருகிற நேரம் பார்த்து அவர் கெடுத்துக்கொள்வது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு எல்லாம் வரிசையாகச் சரிகிறது. மகளுக்குத் தெரிந்த பெண் ஒருத்தியோடு உறவு, அது வெளியே வந்து மகள் வீட்டுக் கதவும் சாத்தப்படுகிறது. வாடகை பாக்கி, வீடு போகிறது. போக்கிடம் இல்லாமல் அதே கல்லூரி ஊருக்கே திரும்பி வருகிறார், இந்த முறை ஜிம்மி மெரினோவின் சாப்பாட்டுக் கடையில் வேலைக்கு.

ஜிம்மியாக வருவது டேனி டிவிட்டோ. பென் படித்த காலத்திலிருந்தே அந்தக் கல்லூரிக்குப் பக்கத்தில் சாண்ட்விச் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறவர். அதே கடை, அதே மனைவி, அதே தெரு. பென் பணக்காரராக இருந்த அத்தனை வருடத்திலும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஜிம்மி அதைக் குத்திக்காட்டவும் இல்லை, அவரைத் தாங்கிப்பிடிக்கவும் இல்லை. வந்தாயா, உட்கார், சாப்பிடு, வேலை வேண்டுமா, இந்தா ஏப்ரன் என்கிற மாதிரி. ஊருக்கே கார் விற்றவர் கவுண்டருக்குப் பின்னால் நின்று மேஜை துடைக்கிறார். அதை அவமானமாகக் காட்ட இயக்குநர்கள் மெனக்கெடவில்லை. ஜிம்மி வருடக்கணக்காகச் செய்த வேலைதானே அது.

டக்ளஸும் டிவிட்டோவும் நிஜ வாழ்க்கையில் பழைய சிநேகிதர்கள். 1960-களில் நியூயார்க்கில் ஒரே வீட்டில் தங்கியிருந்தவர்கள். 1975-இல் டக்ளஸ் தயாரித்த 'ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்' படத்தில் டிவிட்டோ நடித்தார். 1989-இல் 'த வார் ஆஃப் த ரோசஸ்' படத்தில் டிவிட்டோ இயக்க டக்ளஸ் நடித்தார். அந்த நெடுநாள் பழக்கம் இந்தக் கடைக் காட்சிகளில் தெரிகிறது. இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் முடிக்கவிடாமல் பேசுகிறார்கள், முகத்தைப் பார்க்காமலே பதில் சொல்கிறார்கள். ஜிம்மி எதிரில் மட்டும் பென்னுக்கு விற்பதற்கு எதுவும் இல்லை. ஜிம்மிக்கு வாங்க வேண்டியதும் எதுவும் இல்லை. அதனால்தான் அங்கே பென் சில நிமிடங்களாவது சும்மா இருக்கிறார்.

இன்னொரு உறவும் எனக்குப் பிடித்தது. ஜெஸ்ஸி ஐசன்பெர்க் நடித்த டேனியல், கல்லூரியைச் சுற்றிக் காட்ட வரும் கூச்சமான மாணவன். நூலகத்தின் மேலே இருக்கும் பேருக்குச் சொந்தக்காரர் என்று தெரிந்ததும் அவனுக்கு ஒரே பிரமிப்பு. பென் அவனுக்குப் பெண்களிடம் எப்படிப் பேசுவது என்று பாடம் எடுக்கிறார். பையன் அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, மீதியைத் தன் இயல்பான நல்ல குணத்தோடு விட்டுவிடுகிறான். அவனுக்கு ஒரு காதலி கிடைக்கிறாள். பென் அவளிடமும் கைவரிசையைக் காட்டப் பார்க்கிறார். அவள் இடம் கொடுக்கவில்லை. டேனியல் பிறகு நடந்துகொள்கிற விதத்தைப் பார்த்தால், கற்றுக்கொள்ள வேண்டியவர் யார் என்று புரியும். அதே 2010-இல் வந்த 'த சோஷியல் நெட்வொர்க்' படத்துக்காக ஐசன்பெர்க் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். டக்ளஸுக்கு இந்தப் படத்துக்காக அந்தப் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு.

டக்ளஸைத் தவிர வேறொருவர் இதை நடித்திருக்க முடியாது என்று நான் நினைப்பதற்குக் காரணம், அவர் கூடவே கூட்டி வருகிற பழைய முகம். 1987-இல் 'வால் ஸ்ட்ரீட்' படத்தின் கார்டன் கெக்கோவாக வந்து ஆஸ்கர் வாங்கியவர். அந்தப் பாத்திரத்தைப் பார்த்துப் பங்குச் சந்தை வேலைக்கு வந்தோம் என்று சொன்ன இளைஞர்கள் உண்டு. அவனை வில்லனாகப் படைத்தவர்கள் அதை எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். அதே முகம், அதே குரல், அறுபது தாண்டிய உடம்பில் இங்கே வருகிறது. கழுத்துத் தோல் தளர்ந்திருப்பதைக் கேமரா மறைக்கவில்லை. சிரிக்கும்போது கண் சிரிக்காமல் எதிராளியை அளந்துகொண்டிருப்பதையும் மறைக்கவில்லை. அவர் பென்னுக்காகப் பரிதாபம் கேட்கவே இல்லை. நல்லவனாகக் காட்டிக்கொள்ள ஒரு பார்வையாவது திருடியிருக்கலாம், திருடவில்லை.

படம் அமெரிக்காவில் வெளியாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை, 2010 ஆகஸ்டில் டக்ளஸுக்குத் தொண்டைப் புற்றுநோய் என்று செய்தி வந்தது. உண்மையில் அது நாக்கில் வந்த புற்று என்று 2013-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். அவர் சிகிச்சை எடுத்தார், மீண்டு வந்தார், இன்னும் பல படங்கள் நடித்தார். முதல் காட்சியில் டாக்டர் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த முகத்தை, இது தெரிந்த பிறகு என்னால் வெறும் நடிப்பாக மட்டும் பார்க்க முடியவில்லை.

குறை இல்லாமல் இல்லை. ஜோர்டனை இன்னும் நன்றாக எழுதியிருக்கலாம். அவளுக்கு நடந்தது எவ்வளவு பெரிய துரோகம்! அதற்கு அவள் காட்டும் எதிர்வினையில் பாதி, ஆள் வைத்து அடிக்கிற கதையாக மாறிவிடுகிறது. அவள் கோபத்தை அவள் வாயாலேயே கேட்க எனக்கு ஆசை. ஆலிசனாக வரும் இமோஜன் பூட்ஸ் தன் வயதுக்கு மீறிய திமிரோடு நன்றாகவே நடிக்கிறார்; ஆனால் திரும்பத் திரும்ப பென்னின் தோல்வியை அளக்கும் கோலாகத்தான் அவள் பயன்படுகிறாள். மகள் சூசனின் கணவன் கேரிக்கும் அதே கதி. மாமனார் தன் மனைவியைப் படுத்துகிற பாட்டை எத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருந்திருப்பான்! அவனுக்கு இன்னும் இரண்டு காட்சி கொடுத்திருந்தால் படம் நிறைந்திருக்கும்.

சூசன் சரண்டன் நடித்த நான்சிக்குக் காட்சிகள் குறைவு. ஆனால் எழுதியது சரியாக இருக்கிறது. கல்லூரியில் காதலித்து மணந்த முன்னாள் மனைவி. அவளுக்கு பென்மேல் கோபம் தீர்ந்துபோய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஏன் என்ற ஒரு கேள்வி மட்டும் மிச்சம். அடிவாங்கி, வேலையும் நிலைக்காமல், கல்லூரி வளாகத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பென்னைத் தேடி வந்து அவள் அதைத்தான் கேட்கிறாள்.

அப்போதுதான் அந்த ஆறரை வருடத்துக்கு முந்தைய நாளைப் பற்றி அவர் வாய் திறக்கிறார். வயதாக ஆக, ஒரு அறைக்குள் நுழைந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தெருவில் பெண்கள் கண்ணுக்கு நாம் இல்லவே இல்லை. அது ஏற்கெனவே உறுத்திக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் டாக்டர் இப்படிச் சொன்னார். டெஸ்ட்டுக்குப் போகாமல் வெளியே வந்துவிட்டேன். சாகப்போகிறேன் என்றால் அதற்கு முன்னால் எல்லாவற்றையும் செய்து பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன். இதுதான் அவர் சொல்வதன் சாரம். மனைவிக்குத் தெரியாமல் இருந்தது பெண்கள் விவகாரம் இல்லை, கணக்குப் பொய்யும் இல்லை. அவை எல்லாம் பத்திரிகையிலும் கோர்ட்டிலும் வந்துவிட்டவை. அவளுக்குத் தெரியாமல் இருந்தது இந்தப் பயம் ஒன்றுதான். அன்று மாலையே வீட்டுக்கு வந்து, டாக்டர் இப்படிச் சொல்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொல்லியிருந்தால்? நான்சி முகத்தில் அந்தக் கேள்வி வருகிறது. சரண்டன் அதை வாயால் கேட்கவில்லை.

பிறகு அவள் நியூயார்க்குக்குத் தன் காரிலேயே கூட்டிப்போகிறேன் என்கிறாள். ஒரு நிமிடம் கொடு என்கிறார். அவள் போய்க் காரில் காத்திருக்கிறாள். அந்தப் பக்கம் ஓர் இளம்பெண் நடந்து போகிறாள். பென் எழுந்து நிற்கிறார். இந்தப் பக்கம் கார், அந்தப் பக்கம் அந்தப் பெண். படம் முடிந்துவிடுகிறது.

எந்தப் பக்கம் போனார் என்று இந்தப் படத்தைப் பார்த்த நண்பர்களோடு பேசினால் பெரும்பாலும் அந்தப் பெண் பின்னால்தான் போயிருப்பார் என்கிறார்கள். இந்த வயதில் ஆள் மாறமாட்டார், படம் முழுக்க அதைத்தானே காட்டினார்கள் என்பது அவர்கள் வாதம். இன்னும் சிலர், எதுவானாலும் ஒன்றுதான், விட்ட காலம் விட்டதுதான் என்கிறார்கள். நான் கார் பக்கம் என்கிறேன். நல்ல முடிவு வேண்டும் என்ற ஆசையில் சொல்லவில்லை. அந்த ஆறரை வருட ஓட்டம் முழுக்க ஒரு விஷயத்தை மறைத்துவைப்பதில்தான் நின்றது. பெஞ்சில் அவர் அதைச் சொல்லிவிட்டார். அதுவும் அவரை முழுக்கத் தெரிந்த ஒருத்தியிடம். இனி அந்தப் பெண் பின்னால் போனாலும், பழைய மாதிரி எதையும் மறந்துவிட்டுப் போக முடியாது.

ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்தப் பெஞ்சு காட்சியை மட்டும் தனியாக இன்னொரு தடவை பாருங்கள். டக்ளஸின் குரலைக் கவனியுங்கள். படத்தில் வேறு யாரிடம் பேசும்போதும் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் எதிராளி மடிகிறாரா என்று பார்க்கும் ஒரு இழுப்பு அதில் இருக்கும். மகளிடம் வாடகைக்குப் பணம் கேட்கும்போதும் இருக்கிறது, டேனியலுக்கு அறிவுரை சொல்லும்போதும் இருக்கிறது. நான்சியிடம் பேசும்போது அது இல்லை. விலையே பேசாமல் பென் கால்மென் பேசி முடிக்கிற ஒரே பேச்சு அதுதான்.